இலட்சுமணனின் ஆறு நிமிடங்கள்

புங்குடுதீவில் குடிதண்ணீர் தேடி அலைந்தவர்கள் ஆயிரம் பேர். பழைய கொம்பியூட்டர் தேடி அலைந்தவர் தம்பையா இலட்சுமணன் ஒருவர்தான். சனம் விட்டுப்போன வீடுகளின் படலையில் நின்று, சாவி வைத்திருக்கும் சொந்தக்காரரைக் கூப்பிட்டு, "லண்டனிலையிருந்து வந்த ஆரும் ஒரு பெட்டி கொண்டந்து வைச்சிட்டுப் போனவையோ? ரிவியிலை கொழுவிற பெட்டி. கசற் றெக்கோடரும் சேர்ந்திருந்தால் இன்னும் நல்லது" என்று கேட்பார். பாதிப்பேர் இல்லையென்று சொல்லிவிட்டு அவரைப் பைத்தியம் என்றார்கள். மற்றப் பாதி பெட்டியைக் கொடுத்துவிட்டுப் பைத்தியம் என்றது.

அவருடைய கடை குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகும் வீதியில், தகப்பன் விட்டுப்போன வீட்டின் முன்னறையில் இருந்தது. "பழைய கொம்பியூட்டர், பழைய கேம். விளையாடிப் பார்த்து வாங்கவும்" என்று தகரத்தில் தானே எழுதி மாட்டியிருந்தார். நயினாதீவுக்குப் போகிற பஸ்கள் வாசலைத் தாண்டித்தான் போகும். சோடாக்கடை என்று நினைத்து இறங்கி வந்தவர்களுக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்து, ஒரு பெட்டியைப் போட்டுக் காட்டித்தான் அனுப்புவார். சோடா கேட்டு வந்தவன் கண்ணாடித் திரையிலே பச்சைப் பூச்சி ஊர்வதைப் பார்த்துவிட்டுப் படகைத் தவறவிட்ட கதைகளும் உண்டு.

வியாபாரி என்றால் வியாபாரி மாதிரி நடக்க வேண்டாமா? முதற் பேச்சிலேயே விலை கேட்டவனுக்கு அவர் பொருளைக் காட்டமாட்டார். வாங்க வந்தவர் கதிரையில் அரை மணித்தியாலம் இருந்து விளையாடவேண்டும். இவர் திரையைப் பார்க்கமாட்டார், ஆளின் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பார். கனடாவிலிருந்து கோயில் திருவிழாவுக்கு வந்த டொக்டர் ஒருவர் தோற்ற கோபத்தில் விசைப்பலகையை ஓங்கிக் குத்திவிட்டார். இலட்சுமணன் வயரைக் கழற்றி, பெட்டியைப் பழஞ்சாரத் துணியால் சுற்றி, "உங்கடை கைக்கு இது தாங்காது ஐயா" என்று உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார். டொக்டர் எத்தனை தரம் ஆளனுப்பியும் ஆள் மசியவில்லை.

பெட்டிகளுக்குக் கொம்பனி கொடுத்த பெயரை அவர் சொல்லவே மாட்டார். வந்த வீட்டின் பெயர்தான். சரவணமுத்து வீட்டுப் பெட்டி, ஊர்காவற்றுறை றோஸ் ரீச்சர் பெட்டி, மண்டைதீவுப் பெட்டி. கடற்காற்றின் உப்பு உள்ளே போய்ப் பிடித்துவிடும் என்று வெள்ளிக்கிழமை தோறும் பின்னேரம் எல்லாவற்றையும் ஒரு மணித்தியாலம் ஓடவிடுவார். அந்த நேரம் முன்னறை முழுக்க ஒரே கீச்சும் உறுமலும். அத்தனை விளையாட்டையும் விற்ற மனிதன் ஒரு நாளாவது ஒரு விசையைத் தட்டி விளையாடியதை ஒருவரும் கண்டதில்லை. "நான் ஒருக்கா விளையாடினது காணும்" என்பார். கேட்டவர்கள் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரிப்பார்கள்.

சிரிக்காத ஒருத்தி நாகபூசணி. இலட்சுமணனின் தமையன் குலசிங்கத்தின் மனைவி. அதே வளவில் பின்னால் இருக்கிற வீட்டில் தையல் மெசினோடு சீவித்தவள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்வந்ததும் இரண்டு கோப்பையில் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு முன்னறைக்கு வருவாள். பெட்டிகள் எல்லாம் இரைந்து ஓய்ந்த பிறகு, இலட்சுமணன் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு ஒரு கசற் றெக்கோடருக்கு முன்னால் குனிந்திருப்பார். ஒரு கையில் ஊசி போன்ற திருகாணிச் சாவி. கண் மூடியிருக்கும். அவள் தேத்தண்ணி முடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு கேட்பாள்.

"ஏதும் கேட்டதோ, தம்பி?"

"இல்லை மச்சாள். இரைச்சல்தான்."

வேறு பேச்சு இராது. கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். இருபது வருடத்துக்கு மேலாக இதுதான் நடந்தது.

அவள் காத்திருந்தது ஆறு நிமிடத்துக்கு. அந்தக் கதையைச் சொல்லாமல் இலட்சுமணனைப் பற்றி எதைச் சொன்னாலும் அது அரைவாசிதான்.

தம்பையா குடும்பத்துக்குத் தெற்கிலே கடை இருந்தது. எண்பத்துமூன்றில் அது எரிந்தது. ஒரு ஜெனறேற்றரும் ஒரு ரிவியும் மட்டும் மிஞ்ச, எல்லாரும் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். மூத்தவன் குலசிங்கம் நாகபூசணியைக் கலியாணம் செய்தான். எண்பத்தாறில், அவள் வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே, அவளுடைய நகைகளை ஏஜென்சிக்காரனிடம் கொடுத்துவிட்டு வெளிநாட்டுக்குப் புறப்பட்டான். பாங்கொக் வரை போய்விட்டான் என்று செய்தி வந்தது. நாகபூசணி பிள்ளைப்பேற்றுக்கு நயினாதீவில் தாய்வீட்டுக்குப் போனாள். ஐப்பசியிலே பெண் பிள்ளை பிறந்தது. முப்பத்தொரு நாள் துடக்குக் கழியாமல் புகுந்த வீட்டுக்கு வரக்கூடாது என்று அங்கேயே இருந்தாள்.

இளையவன் இலட்சுமணனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. லண்டன் மாமா ஒருவர் கொண்டுவந்து கொடுத்த பெட்டியோடு கிறுக்குப் பிடித்துக் கிடந்தான். ரிவியில் கொழுவுகிற சின்னப் பெட்டி. விளையாட்டு வேண்டுமென்றால் புத்தகத்தில் அச்சடித்திருக்கிற கட்டளைகளை வரிவரியாக நாமே தட்டவேண்டும். தட்டியதைக் கசற்றில் பதிந்து வைக்காவிட்டால், மின்சாரம் நின்றதும் எல்லாம் போய்விடும். வாத்துச் சுடுகிற விளையாட்டு ஒன்றை இரண்டு நாளாகத் தட்டினான். கார்த்திகை பதினொராம் திகதி பின்னேரம் கடைசி வரியைத் தட்டி முடிக்கும்போது ஜெனறேற்றர் இருமத் தொடங்கியது. எண்ணெய் முடியப்போகிறது. வெறுங் கசற் ஒன்றும் கையில் இல்லை.

மேசையிலே ஒரு கசற் கிடந்தது. அன்று மத்தியானம் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் சைக்கிளை விட்டு இறங்காமலே தாயிடம் நீட்டிவிட்டுப் போனது. "மகன் குடுத்துவிட்டது. பாட்டுக் கசற். மருமகளிட்டைக் குடுங்கோ" என்றாராம். மேலே முருகன் பாட்டுக்கள் என்று அச்சடித்திருந்தது. கடையில் விற்கிற பாட்டுக் கசற் என்றால், மேலே பதியமுடியாதபடி அதன் முதுகில் இருக்கிற சின்னக் காதை உடைத்திருப்பார்கள். இதிலே காது உடையாமல் இருந்தது. பதியலாம் என்று அவனுக்குச் சந்தோசம். ஏன் உடையாமல் இருக்கிறது என்று ஒரு கணம் யோசித்திருந்தால் போதும். அவன் யோசிக்கவில்லை. றெக்கோடரில் போட்டுப் பதிந்தான். ஆறு நிமிடம் எடுத்தது. ஜெனறேற்றரும் நின்றது.

பதினாலாம் திகதி நாகபூசணி பிள்ளையோடு வந்து இறங்கினாள். அவர் அனுப்பின பாட்டைப் போடுங்கோ என்று ஆசையாகக் கேட்டாள். பற்றறியில் றெக்கோடரைப் போட்டார்கள். முதலில் காதைக் கிழிக்கிற கீச்சுச் சத்தம். அது கொம்பியூட்டரின் பாசை. இலட்சுமணன் அசடு வழிந்து, "அது நான் கொஞ்சம் பதிஞ்சனான் மச்சாள். இனிப் பாட்டு வரும்" என்றான். ஆறு நிமிடம் கீச்சிட்டு நின்றது. பிறகு பாட்டு வரவில்லை. குலசிங்கத்தின் குரல் வந்தது.

"…அதுக்கு நீர் ஓம் எண்டால் போதும். ஒண்டும் யோசியாதையும். அம்மான்ரை கண் மருந்து முடிஞ்சிருந்தால் வாங்கிக் குடும். பிள்ளை உம்மைப் போல இருக்கட்டும், என்னைப் போல வேண்டாம். தம்பி உந்தப் பெட்டியோடை கிடந்து மினைக்கெடுறானோ? படிக்கச் சொல்லும்."

சோதனைச் சாவடிகளில் பறித்துவிடுவார்கள் என்ற பயத்தில் குரல் கடிதத்தைப் பாட்டுக் கசற்றில் பதிந்து அனுப்புவது அப்போது பலர் செய்த வேலை. கொண்டுவந்தவருக்கும் வாய்திறந்து சொல்லப் பயம். ஆக, குலசிங்கம் மனைவியிடம் ஏதோ ஒன்று கேட்டிருந்தான். கேட்ட கேள்வியின் மேலே வாத்து ஏறி உட்கார்ந்துவிட்டது. எதற்கு என்று தெரியாவிட்டாலும் ஓம் என்று சொல்லியிருப்பாள் நாகபூசணி. எங்கே சொல்வது? மேல்விலாசம் இல்லை. கசற் கொண்டுவந்தவரும் ஒரு மாதத்துக்குள் நாட்டைவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு குலசிங்கத்திடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. செத்தான் என்றும் இல்லை, இருக்கிறான் என்றும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்த வாத்து விளையாட்டு ஓடவே இல்லை. எங்கோ ஒரு வரியில் பிழையாகத் தட்டியிருந்தான்.

இலட்சுமணன் கலியாணம் செய்யவில்லை. தொண்ணூற்றொன்றில் தீவுச் சனமெல்லாம் கையில் அகப்பட்டதோடு யாழ்ப்பாணத்துக்கு ஓடியபோது, அவன் தூக்கிக்கொண்டு போனது தாயையும் ஒரு பால்மா ரின்னையும். ரின்னுக்குள் பொலித்தீனில் சுற்றிய கசற். பிறகு கொழும்பில் றேடியோ திருத்துகிற கடையொன்றில் வேலை செய்தபோது, அங்கேயிருந்த கிழவர் ஒருவர் ஒரு விசயம் சொன்னார். ஒரு றெக்கோடர் பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் பதியும்போது, நாடாவின் விளிம்பிலே மயிரளவு சிலவேளை விட்டுவிடும். ஒவ்வொரு றெக்கோடரின் வாசிக்கிற தலையும் ஒவ்வொரு மாதிரிச் சரிந்து இருக்கும். சரியான சரிவிலே இருக்கிற ஒன்று அகப்பட்டால் அந்த மயிரளவைக் கேட்கலாம். கேட்காமலும் போகலாம்.

இலட்சுமணன் பழம்பெட்டி வியாபாரி ஆனது இப்படித்தான். பழைய கொம்பியூட்டர் ஒவ்வொன்றோடும் ஒரு றெக்கோடர் வரும். பெட்டியை விற்பார். றெக்கோடரை விற்கமாட்டார். ஒன்றுக்குப் பின் ஒன்றாக அந்தக் கசற்றைப் போட்டு, தலையைத் திருகித் திருகிக் கேட்பார். நாடா தேய்ந்துவிடும் என்று ஒரு கிழமைக்கு ஒரு தரம்தான். அதற்குத்தான் வெள்ளிக்கிழமை.

தொண்ணூற்றெட்டில் கொழும்பிலிருந்து ஒரு கடிதம் போட்டார். "மச்சாள், ஒரு சொல்லுக் கேட்டது. நாகு எண்டு." அண்ணன் அவளைக் கூப்பிடுகிற பெயர் அது. நாகபூசணி அந்தக் கடிதத்தைச் சாமியறையில் வைத்தாள். ஊருக்குத் திரும்பிக் கடை திறந்த அடுத்த வருடம் இன்னொரு சொல்: "ஏலாது." இரண்டாயிரத்து ஏழில் மூன்றாவது: "வெக்கம்." அந்தச் சொல்லைச் சொல்லும்போது இலட்சுமணன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த மூன்றாவது சொல் நாகபூசணியைத் தின்னத் தொடங்கியது. நாகு, ஏலாது, வெக்கம், அதுக்கு நீர் ஓம் எண்டால் போதும். ஒரு ஆண்பிள்ளை மனைவியிடம் வெட்கப்பட்டுக் கேட்பது என்னவாக இருக்கும்? குலசிங்கத்தைப் பரிஸ் நகரத்தில் ஒரு வெள்ளைக்காரியோடு கண்டதாக ஊரில் முன்பே ஒரு கதை அடிபட்டது. அப்போது அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது போட்டுக்கொண்டாள். என்னை விட்டுவிடும் என்று கேட்டிருக்கிறார், நான் ஓம் சொல்லாததால் சொல்லாமலே போய்விட்டார். காலையில் பொட்டு வைக்கும்போது கை ஒருகணம் நிற்கும். கட்டினவனுக்காக வைப்பதா, செத்தவனுக்காக அழிப்பதா, விட்டுப்போனவனுக்காகத் துடைத்து எறிவதா? கலியாண வீடுகளில் பின்வரிசைக் கதிரையில் போய் இருந்தாள். மகள் நிலாந்தியும் அந்தக் கதையோடுதான் வளர்ந்தாள். வவுனியாவில் ரீச்சராகிப் பிள்ளை பெற்ற பிறகும், "அவர் எங்களை வேண்டாமெண்டு போனவர்தானே அம்மா" என்பாள். அப்பா என்று சொல்லமாட்டாள். அவள் பள்ளிக்கூடச் சப்பாத்திலிருந்து சீமந்தம்வரை எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது இலட்சுமணன் சித்தப்பாதான்.

கேள்வி என்ன என்று ஒரே ஒருதரம் தெரிந்தால் போதும் என்று நாகபூசணி நேர்ந்துகொண்டாள். அவர் விட்டுவிட்டுத்தான் போனார் என்றாலும் பரவாயில்லை, தெரியவேண்டும். இலட்சுமணனுக்கு நாலாவது சொல் அகப்படவே இல்லை. வெள்ளிக்கு வெள்ளி இரைச்சல்தான்.

போன வருடம் ஆவணி மாதத்து வெள்ளி ஒன்றில் அவள் தேத்தண்ணியோடு வந்தபோது, பெட்டிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு மணித்தியாலம் கழிந்தும் அவற்றை ஒருவரும் நிற்பாட்டவில்லை. இலட்சுமணன் ஹெட்போனோடு குனிந்தபடியே இருந்தார். "தம்பி" என்றாள். தோளைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது. ஹெட்போனைக் கழற்றும்போது அதன் வயர் தொங்கிக்கொண்டு வந்தது. சரிந்த வேகத்தில் கழன்றிருக்கும் என்று அந்த நேரம் நினைத்தாள். அவருக்கு அறுபது வயதுதான்.

செத்தவீடு, எட்டாம் நாள் சடங்கு, கீரிமலையில் முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டி எல்லாம் முறைப்படி நடந்தது. நிலாந்தி வந்து நின்று குழறி அழுதுவிட்டு, லீவு முடிய வவுனியா திரும்பினாள். அடுத்த வெள்ளிக்கிழமை ஊர்காவற்றுறையிலிருந்து அன்ரன் வந்தான். றேடியோ, ரிவி திருத்துகிறவன். இலட்சுமணனுக்கு இருந்த ஒரே சிநேகிதன் என்றும் சொல்லலாம், அவரோடு சண்டைபிடித்துக்கொண்டே இருந்தவன் என்றும் சொல்லலாம். பெட்டிகளை உப்பு தின்ன விடாமல் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துக்கொள் என்று நாகபூசணிதான் கூப்பிட்டாள். ஒவ்வொன்றாகச் சாரத்தில் சுற்றித் தன் வான் வண்டியில் ஏற்றினான். கடைசியாக ஹெட்போனைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

"இந்தச் சவத்தை இன்னும் வைச்சிருந்தவரோ அண்ணை?"

"ஏன், அதுக்கு என்ன?"

"இது உள்ளுக்கை அறுந்தது அக்கா. ஒரு சத்தமும் வராது. ரெண்டாயிரத்துப் பதினொண்டிலை நான்தான் பார்த்துச் சொன்னனான். புதுசு ஒண்டு தாறன் எண்டும் கேட்டனான். வேண்டாமாம், இது காணுமாம்."

நாகபூசணிக்கு முதலில் விளங்கவில்லை. "இல்லைத் தம்பி, நான் கிழமைக்குக் கிழமை பார்த்தனான். உதைப் போட்டுத்தானே கேட்கிறவர்."

"உதிலை என்னத்தைக் கேட்கிறது அக்கா? காதை மூடுறதுக்குத்தான் உதவும்."

அன்ரன் வானை எடுத்துக்கொண்டு போனபிறகு அவள் வெறும் முன்னறையில் நின்றாள். அப்படியென்றால் பதின்மூன்று வருடமாக இந்த மனிதன் என்னத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தார்? சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் தட்டிலே பால்மா ரின் இருந்தது. அவர் உயிரோடிருந்தவரை ஒருநாளும் அதை அவள் தொட்டதில்லை. இறக்கினாள். மூடி இறுக்கமாக இருந்தது. கரண்டிக்காம்பால் நெம்பித் திறந்தாள்.

உள்ளே கசற். அதன் கீழே சுருட்டி வைத்த பள்ளிக்கூடக் கொப்பி. பின்பக்கத்தில் அழிறப்பர் வைத்த ஒரு பென்சில்.

கொப்பியின் முதற் பக்கத்தில் இலட்சுமணனின் மணிமணியான எழுத்து. சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, கேட்காத இடங்களில் புள்ளி வைத்து, ஒவ்வொரு சொல்லின் தலையிலும் அது அகப்பட்ட வருடத்தை எழுதியிருந்தார். அவளுக்குச் சொன்ன மூன்று சொல்லோடு நிற்கவில்லை. இரண்டாயிரத்து ஒன்பதிலும் பத்திலும் நிறைய அகப்பட்டிருந்தன. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தாள்.

"நாகு … எனக்கு ஏலாது … இவங்கள் கொண்டு போற பாதை … சாவுதான் … திரும்பி … உம்மடை நகை எல்லாம் போச்சு … வெக்கம் … உம்மடை முகத்திலை முழிக்க … இருபதாந் திகதி மட்டும் இஞ்சை நிப்பன் … கொழும்பிலை மாமாவின்ரை கடைக்கு ரெலிபோன் எடுப்பன் … அங்கை சொல்லிவிடும் … வரட்டோ?"

அந்தக் கடைசிச் சொல்லின் தலையில் 2011 என்று இருந்தது.

வரட்டோ. அவ்வளவுதான் கேள்வி. வெள்ளைக்காரியும் இல்லை, விடுதலையும் இல்லை. நகையைத் தொலைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வர வெட்கப்பட்டு, மனைவியிடம் அனுமதி கேட்டிருக்கிறான் ஒரு மனிதன். நாகபூசணி நிலத்தில் இருந்துவிட்டாள். முப்பத்தெட்டு வருடத்தில் அவள் அப்படி அழுததில்லை. அவரை எப்படியெல்லாம் நினைத்தேன், பாவி நான், என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அழுது ஓய்ந்தபோதுதான் திகதி அவளுக்கு உறைத்தது. இருபதாம் திகதிவரை அங்கே காத்திருந்திருக்கிறான். அவள் நயினாதீவிலிருந்து வந்து அந்தக் கசற்றைப் போட்டது பதினாலாம் திகதி. அப்போது இன்னும் ஆறு நாள் இருந்திருக்கிறது. குறிகட்டுவானிலிருந்து பஸ் ஏறினால் மறுநாள் கொழும்பு. அங்கே கடை வைத்திருந்த மாமாவிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால், குலசிங்கம் வந்திருப்பான். இந்த முற்றத்தில் கிழவனாகிச் சாய்மனைக் கதிரையில் இருந்து இருமிக்கொண்டிருப்பான்.

கோபம் பத்திக்கொண்டு வந்தது. வாத்தைப் பதிந்தது அறியாமல் செய்தது. அதை அவள் எப்போதோ மன்னித்துவிட்டாள். இது அறிந்து செய்தது. பதின்மூன்று வருடம், அவள் கட்டினவனை மனதுக்குள் சபித்துக்கொண்டு முன்னால் இருந்து தேத்தண்ணி குடிக்க, எல்லாம் தெரிந்தும் இரைச்சல் என்று சொல்லியிருக்கிறான். "உனக்கு நான் என்ன செய்தனான்?" என்று வெறும் கதிரையைப் பார்த்துக் கத்தினாள். கொப்பியைச் சுவரில் எறிந்தாள்.

கொப்பி விழுந்து பின்பக்கமாக விரிந்தது. அங்கேயும் எழுத்து. எடுத்துப் பார்த்தாள். இரண்டாயிரத்துப் பதினொன்று கார்த்திகையிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமைத் திகதியும் வரிசையாக இருந்தது. ஒவ்வொரு திகதிக்கும் எதிரே ஒரே வசனம்.

இண்டைக்கும் சொல்லேல்லை.

பக்கத்தைப் புரட்டினாள். இண்டைக்கும் சொல்லேல்லை. அடுத்த பக்கமும் அதுதான், அதற்கடுத்ததும் அதுதான். ஒரு வரியில்கூட 'மேற்படி' என்று அடையாளம் போட்டுவிட்டு விடவில்லை. ஒவ்வொரு கிழமையும் அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு போனபிறகு, முழுவசனத்தையும் புதிதாக எழுதியிருந்தார். சில இடங்களில் பென்சில் கூர் உடைந்து தாளைக் கிழித்திருந்தது. காய்ச்சலாகக் கிடந்த கிழமையிலும் எழுத்து நடுங்கியபடி இருந்தது. கடைசித் திகதி அவர் செத்த வெள்ளி. காலையிலேயே திகதியைப் போட்டு வைத்திருக்கிறார். அதற்கு எதிரே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அன்று சொல்ல இருந்தாரா, எழுத நேரம் கிடைக்கவில்லையா, இனி எவருக்கும் தெரியாது.

நாகபூசணி அந்தப் பக்கங்களை மடியில் வைத்துக்கொண்டு கன நேரம் இருந்தாள். ஒரு வாத்துக்காக அண்ணனைத் தின்றுவிட்டேன் என்று தெரிந்துகொண்ட மனிதன், அதைத் தெரிந்துகொண்ட பிறகும் கிழமைக்குக் கிழமை அவள் முன்னால் வந்து இருந்திருக்கிறார். ஊரைவிட்டுப் போயிருக்கலாம். கசற்றைக் கிணற்றில் போட்டிருக்கலாம். செய்யவில்லை. அவளுக்குக் கோபம் போய்விட்டதென்று சொல்லமுடியாது. அது கிடந்தது. அதற்குப் பக்கத்திலே இதுவும் வந்து இருந்துகொண்டது.

கோயில் மணி கேட்டது. வெள்ளிக்கிழமைப் பின்னேரம். பழக்கத்தில் குசினிக்குப் போய் அடுப்பை மூட்டினாள். பின்பக்கத்துத் தாள்களை ஒவ்வொன்றாகக் கிழித்து அடுப்பில் வைத்தாள். தண்ணி கொதித்தது. பிறகு முதற் பக்கத்தை எடுத்தாள். பென்சிலைத் திருப்பிப் பிடித்து, இருபதாந் திகதி என்று இருந்த இடத்தில் 'இருபதாந்' என்ற சொல்லை மட்டும் அழிறப்பரால் தேய்த்தாள். பழைய தாள், பஞ்சு பஞ்சாக எழும்பியது. அந்த இடத்தில் 'பத்தாந்' என்று இலட்சுமணனின் எழுத்தைப் போலவே மெதுவாக எழுதினாள். தையற்காரியின் கை, பிசகவில்லை. கடைசிச் சொல்லின் தலையில் இருந்த 2011 ஐயும் தேய்த்துவிட்டாள்.

ஆறு மணிக்கு நிலாந்தி வழக்கம்போல ரெலிபோன் எடுத்தாள். நாகபூசணி கொப்பியைப் பார்த்து ஒரு சொல் விடாமல் வாசித்துக் காட்டினாள். மறுபக்கத்தில் ஒரு விம்மல்.

"அப்பா… வரப்போறன் எண்டு கேட்டவரோ அம்மா?"

அப்பா என்று அவள் சொன்னது இதுதான் முதல் தரம்.

"ஓம் பிள்ளை. வரத்தான் கேட்டவர். எங்களிட்டை வரத்தான்."

"எத்தினையாந் திகதி மட்டும் நிண்டவராம்?"

"பத்தாந் திகதி மட்டும். கசற் எங்கடை படலைக்கு வந்ததே பதினொராந் திகதி. சித்தப்பா அதிலை பதிஞ்சிருந்தாலும் பதியாட்டிலும் ஒண்டுதான்."

நிலாந்தி மூக்கை உறிஞ்சினாள். "இதைச் சித்தப்பா ஏன் சொல்லேல்லை?"

"கடைசிச் சொல்லு அண்டைக்குத்தான் பிள்ளை எடுபட்டிருக்கு. அந்த வெள்ளிக்கிழமை. ஹெட்போன் காதிலை இருக்கேக்கைதானே போனவர்."

நிலாந்தி சின்னப் பிள்ளையாய் இருந்தபோது கேட்கிற குரலில் கேட்டாள்.

"அப்ப தன்னிலை பிழையில்லை எண்டு தெரிஞ்சுதான் சித்தப்பா போனவர், என்ன அம்மா?"

மேசையில் இரண்டு கோப்பைத் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. ஒன்றைத் தனக்கும் ஒன்றை எதிர்க் கதிரைக்கும் வைத்திருந்தாள்.

"ஓம்" என்றாள் நாகபூசணி.